பொன், தங்கம், பவுன்: சேலம் கடைவீதிக்குப் போகுமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண சீசன் வந்தால் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நகை வாங்குவதைப் பற்றியும் உண்டு, சொல்லைப் பற்றியும் உண்டு. தங்கத்தைச் சுற்றிப் புழங்கும் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது எடையையோ, தரத்தையோ, மதிப்பையோ சொல்லும். கடைக்காரர் இப்போது சொல்வது இதில் எது என்று தெரியாமல் நாம் தலையாட்டும்போதுதான் காசு கரைகிறது.

பொன் என்றாலும் தங்கம் என்றாலும் ஒன்றுதானே?

இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் யாரும் கடையில் போய் "நாலு கிராம் பொன் காட்டுங்க" என்று கேட்பதில்லை. கடையில், வங்கியில், செய்தியில் தங்கம். பாட்டில், பழமொழியில், வாழ்த்துப்பத்திரத்தில் பொன். அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய தமிழில் பொன் என்பது பொதுவாக உலோகத்துக்கே பெயர். வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். சூதாட்டம் பற்றிய 931ஆம் குறளில் "தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று" என்று வரும். தூண்டிலில் யாராவது தங்கத்தை மாட்டுவார்களா? அங்கே பொன் என்பது இரும்பு முள்தான். இரை என்று நினைத்து மீன் இரும்பை விழுங்குவதுபோல, சூதில் ஜெயித்ததும் அப்படித்தான் என்கிறார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பிள்ளைகள் தங்கத் தூண்டில் என்றே மனப்பாடம் செய்துவிடும்.

அப்படியென்றால் கஞ்சமலையில் பொன் இருக்கிறதா?

கரும்பொன் இருக்கிறது, நிறையவே. சேலத்தை ஒட்டிய கஞ்சமலை காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது மலை. 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை போட்டபோது சேலத்துத் தாதுவைத்தான் நம்பினார். பின்னால் மலைக்குப் பக்கத்திலேயே உருக்காலையும் வந்தது. ஆனால் அங்கே உருவாவது துருப்பிடிக்காத எஃகு, அதுவும் வெளியிலிருந்து வந்த மூலப்பொருளில். மலையை வெட்டி அல்ல. மஞ்சள் தங்கம் பற்றிய பேச்சு சித்தர் கோவிலோடு சேர்ந்தது. சித்தர்கள் ரசவாதம் செய்து செம்பைப் பொன்னாக்கினார்கள், மூலிகை இருக்கிறது, ஓடையில் பொன்தூள் வருகிறது என்று அமாவாசைக்குப் போய்வருகிறவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதைக் காட்டி யாராவது முதலீடு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

நம் பக்கத்து ஆட்கள் நிஜமாகவே தங்கம் வெட்டப் போனது கோலாருக்கு. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போனார்கள். அந்த ஊரைத் தமிழர்கள் தங்கவயல் என்றே சொல்கிறோம். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை செய்த சுரங்கத்துக்கு வயல் என்று பெயர். 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

பவுன், சவரன், 8 கிராம் — மூன்றும் ஒன்றா?

கடைக் கணக்கில் ஒன்று. மூன்றும் எடை, தரம் அல்ல. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு பவுன் போட்டோம்" என்று சொன்னால் 40 கிராம் என்று மட்டும்தான் பொருள், அது எந்தத் தரம் என்று அந்தச் சொல்லில் இல்லை.

இரண்டு சொல்லும் வெள்ளைக்காரன் காசிலிருந்து வந்தவை. ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயத் தங்கக் காசின் பெயர் சாவரின். பவுண்டு நம் வாயில் பவுன் ஆனது, சாவரின் சவரன் ஆனது. அந்தக் காசின் சரியான எடை 7.988 கிராம், தரம் 22 கேரட். கடைக்காரர்கள் கணக்குக்கு வசதியாக 8 கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். ராணி தலையோ ராஜா தலையோ போட்ட அசல் பவுன் காசு பாட்டி பெட்டியில் கிடைத்தால், தயவுசெய்து உருக்கக் கொடுக்காதீர்கள். பழங்காசு சேர்ப்பவர்கள் சில ஆண்டுகளின் காசுக்குத் தங்க விலைக்கு மேலேயே தருவார்கள்.

"ஒரு குண்டுமணி தங்கம் கூட இல்லை" என்கிறார்களே, குண்டுமணி எவ்வளவு?

குன்றிமணியைத்தான் பேச்சில் குண்டுமணி, குந்துமணி என்கிறோம். சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு, களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே அதே விதை. அதன் எடை ஒரு கிராமில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. விதைக்கு விதை எடை பெரிதாக மாறாது என்பதால் தராசில் வைத்தார்கள். சோழர் காலக் கல்வெட்டுக் கணக்கில் இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கோயிலுக்கு விளக்கெரிக்க இத்தனை கழஞ்சு பொன் என்று கல்லில் வெட்டியிருப்பதெல்லாம் இந்தக் கணக்குத்தான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. குன்றிமணி கடும் விஷம். முழுதாக விழுங்கினால் தோல் கெட்டியாக இருப்பதால் சில சமயம் தப்பலாம், ஆனால் கடித்தாலோ ஊசியால் துளைத்தாலோ உள்ளிருக்கும் நஞ்சு ஆபத்து. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையே போதும்.

22 கேரட், 916, டச், மாற்று: எதைக் கேட்பது?

நான்குமே தரத்தைச் சொல்லும் சொற்கள், அளவுகோல்தான் வேறு. கேரட் என்பது 24 பங்குக் கணக்கு. 22 கேரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி மாதிரி கலப்பு. அதையே ஆயிரத்துக்கு எத்தனை என்று சொன்னால் 916. ஆக 916 என்பது தனி ரகமோ பிராண்டோ அல்ல, 22 கேரட்டின் இன்னொரு பெயர். 18 கேரட் 750, 14 கேரட் 585. விலை ஏறியதால் இப்போது 9 கேரட்டுக்கும் ஹால்மார்க் என்ற தர முத்திரையை அனுமதித்திருக்கிறார்கள், அது 375. பாதிக்குக் கீழே தங்கம், அதைத் தெரிந்து வாங்குங்கள்.

டச் என்பது பட்டறைப் பேச்சு, நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு எத்தனை டச் என்பதுதான் முதல் கேள்வியே.

மாற்று பழைய தமிழ் அளவு. உரைகல்லில் நகையைத் தேய்த்து, தரம் தெரிந்த தங்கத்தின் கோட்டோடு அந்தக் கோட்டின் நிறத்தை ஒப்பிட்டு இத்தனை மாற்று என்பார்கள். உச்சத் தரம்தான் பத்தரை மாற்று. இன்று நகைக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லை, மனிதர்களுக்குத்தான் சொல்கிறோம். நல்லவேளை, மனிதர்களுக்கு இன்னும் எந்திரம் வரவில்லை.

ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 8 கிராம் 22 கேரட் நகையில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். அதே 8 கிராம் 18 கேரட்டில் 6 கிராம். இரண்டையும் "ஒரு பவுன்" என்றுதான் சொல்வார்கள். எடைச் சொல் தரத்தை மறைக்கிறது என்றேனே, அது இதுதான்.

வைரத்துக்கும் கேரட் என்கிறார்களே?

அது வேறு கேரட். கல்லுக்குச் சொன்னால் எடை, 0.2 கிராம். தங்கத்துக்குச் சொன்னால் தரம். இரண்டும் ஒரே பில்லில் வரும்போது குழம்பாதீர்கள்.

ஹால்மார்க் முத்திரையில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விஷயம் இருக்க வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோணச் சின்னம், 22கே916 மாதிரி தரக் குறி, அப்புறம் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி, எச்யுஐடி என்பார்கள். இந்த ஆறு இலக்கம் ஒவ்வொரு நகைக்கும் தனி. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயம் ஆனது, 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கம் இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு, ஆகவே குட்டி மூக்குத்தியில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையிலேயே பூதக்கண்ணாடி கேளுங்கள், கொடுப்பார்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம், எந்த மையத்தில் முத்திரை போட்டது என்று வரும். கையில் இருப்பது செயின், செயலி மோதிரம் என்று சொன்னால் கேள்வி கேட்க வேண்டியது உங்கள் உரிமை. குறியில் சொன்னதைவிடத் தரம் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கும் பரிசோதனைச் செலவும் கேட்டுப் பெறலாம் என்று விதியே இருக்கிறது. இதற்கெல்லாம் பில் வேண்டும். "பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்" என்று காதோடு சொல்வார்கள். அந்த 3 சதவீதத்துக்காக இத்தனை உரிமையையும் கைவிடுவது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படவில்லை.

கேடிஎம் நகை என்றால் உசத்தியா?

ஒரு காலத்தில் அப்படி விற்றார்கள். நகையில் துண்டுகளைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவார்கள். அந்தப் பற்றாசில் தங்கம் குறைவு என்பதால் முழு நகையையும் உருக்கினால் தரம் இறங்கிவிடும். காட்மியம் சேர்த்தால் ஊதும்போது அது ஆவியாகிப் போய்விடும், தரம் நிற்கும். அந்தக் காட்மியத்தின் சுருக்கம்தான் கேடிஎம். போட்டுக்கொள்பவருக்குப் பெரிய கேடில்லை, ஆனால் ஊதுகிற ஆசாரியின் நுரையீரலுக்கு அந்தப் புகை நஞ்சு. அதனால் தடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒருவர் "கேடிஎம் தான் சார்" என்றால் அவர் முத்திரையைப் பற்றிப் பேசவில்லை என்று அர்த்தம்.

சேதாரம், செய்கூலி — இந்த இரண்டையும் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்களேன்?

எல்லோரும் கேட்பது, நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வதும் இதைத்தான்.

சேதாரம் என்பது நகை செய்யும்போது உருக்குவதிலும் ராவுவதிலும் மெருகு போடுவதிலும் வீணாகும் தங்கம். செய்கூலி என்பது கைவேலைக்கான காசு. கைப்பட்டறையில் சேதாரம் நிஜம். நகைப் பட்டறைத் தூசியையும் சாக்கடை மண்ணையும் வாங்கி அரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ கிடைப்பதால்தானே. ஆசாரி தன் தாயின் பொன்னிலேயே கொஞ்சம் எடுப்பார் என்று ஒரு பழமொழி உண்டு, எனக்கு அது பிடிக்காது. ராவினால் தூள் பறக்கத்தான் செய்யும். அந்தப் பழியைச் சுமந்தவர்கள் இன்று பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்கிறார்கள், சேதாரத்தில் சம்பாதிப்பவர்கள் வேறு.

ஏனென்றால் இப்போது கடையில் போடும் சேதாரச் சதவீதம் நிஜமாக வீணான தங்கத்தின் கணக்கு அல்ல. எந்திரத்தில் செய்த செயினில் வீணாவது கொஞ்சம்தான். சதவீதம் டிசைனைப் பொறுத்தது, கடையைப் பொறுத்தது, உங்கள் பேரத்தைப் பொறுத்தது. ஆமாம், பேரம் பேசலாம். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் நாம் ஏசி போட்ட கடையில் வாயை மூடிக்கொள்கிறோம்.

கணக்குக்காகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் செயின். முதல் கடையில் சேதாரம் 10 சதவீதம், செய்கூலி இல்லை. தங்கம் 80,000, சேதாரம் 8,000, மொத்தம் 88,000, அதற்கு 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 90,640. எதிர்க்கடையில் "சேதாரம் வெறும் 6 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, செய்கூலி கிராமுக்கு 500 என்பது சின்ன எழுத்தில். 80,000 கூட்டல் 4,800 கூட்டல் 4,000, ஆக 88,800, வரியோடு 91,464. சேதாரம் குறைந்த கடையில் 824 ரூபாய் அதிகம். ஆகவே சேதாரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரே எடையுள்ள நகைக்குக் கையிலிருந்து கடைசியாக எவ்வளவு போகும் என்று எல்லாக் கடையிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் கடைவீதியில் ஒன்று, ஐந்து ரோட்டில் ஒன்று என்று ஏறி இறங்கினால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

விற்கப் போகும்போது இந்தச் சேதாரமும் கூலியும் வரியும் திரும்பி வராது. 8 கிராம் தங்கத்துக்கு மட்டும்தான் விலை. அதனால் நகையை முதலீடு என்று சொல்பவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, பில்லைக் காட்டச் சொல்வேன்.

கல் நகையில் கல்லுக்கும் தங்க விலையா?

நேர்மையான கடையில் இல்லை. மொத்த எடையிலிருந்து கல் எடையைக் கழித்து நிகர எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். 10 கிராம் நெக்லஸில் கல் 1.5 கிராம் என்றால் தங்கம் 8.5 கிராம். கல்லுக்குப் பில்லில் தனி வரிசையில் தனி விலை வர வேண்டும். உள்ளே அரக்கு வைத்த பழைய மாதிரி நகை என்றால் அதையும் கேளுங்கள், அரக்கும் எடை காட்டும்.

வெள்ளைத் தங்கமும் பிளாட்டினமும் ஒன்றா?

இல்லை. வெள்ளைத் தங்கம் தங்கத்தில் பல்லேடியம் அல்லது நிக்கல் கலந்தது, பிளாட்டினம் தனி உலோகம். ரோஸ் கோல்டில் செம்பு தூக்கல். அவ்வளவுதான்.

ஒன் கிராம் கோல்டு என்றால் ஒரு கிராம் தங்கம் இருக்குமா?

அந்தப் பெயரை நம்பி உருக்கிப் பார்த்தால் ஏமாற்றம்தான். கீழே செம்போ பித்தளையோ, மேலே மெல்லிய தங்க முலாம். கவரிங்கும் அதே குடும்பம், சிதம்பரம் கவரிங் பேர்போனது. பஸ்ஸில் நின்றுகொண்டு ஜங்ஷன் போகிற கூட்டத்தில் கழுத்து நிறைய அசலைப் போடுவதைவிடக் கவரிங் போடுவது எவ்வளவோ மேல். அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. முலாம் போட்டது என்று சொல்லி விற்றால் வியாபாரம், சொல்லாமல் விற்றால் மோசடி.

பட்டுப்புடவை ஜரிகையில் நிஜமாகத் தங்கம் உண்டா?

அசல் ஜரிகையில் உண்டு, ஆனால் நினைக்கிற அளவு இல்லை. உள்ளே பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி, அதன் மேல் தங்க முலாம். எடைக்குப் பார்த்தால் வெள்ளிதான் அதிகம், தங்கம் மிகச் சொற்பம். "பழைய பட்டுப்புடவை வாங்குறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் எடுத்துப்போய் எரித்தெடுப்பதும் முக்கியமாக வெள்ளியைத்தான். சேலம் வெண்பட்டு வேட்டிக் கரையில் ஜரிகை பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: அசலா, டெஸ்டடா (அசல் மாதிரி மின்னும் போலி ஜரிகை)? இளம்பிள்ளையில் கண்ணைப் பறிக்கும் விலை குறைந்த சேலைகளில் மின்னுவது பெரும்பாலும் தங்கமே படாத ஜரிகை. குறையாகச் சொல்லவில்லை, அந்த விலைக்கு அந்த அழகு பெரிய விஷயம். விலை மட்டும் அசல் விலையாக இருக்கக் கூடாது.

ஐம்பொன்னில் ஐந்து பங்கும் தங்கமா?

பொன் என்றால் உலோகம் என்று மேலே சொன்னது இங்கே உயிரோடு இருக்கிறது. ஐம்பொன் என்றால் ஐந்து உலோகம்: பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். சிலைகளில் மிகப் பெரும்பங்கு செம்பு, தங்கமும் வெள்ளியும் பேருக்குத்தான். கடையில் 100 ரூபாய்க்கு விற்கும் ஐம்பொன் மோதிரத்தில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கொலுசு ஏன் தங்கத்தில் போடுவதில்லை?

தங்கம் மகாலட்சுமி, காலில் போடக் கூடாது என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணம். கட்டுப்படியாகாது என்பது சொல்லாத காரணம். எதுவானாலும் சேலத்துக்கு லாபம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் தெருவுக்குத் தெரு வெள்ளிப் பட்டறைதான். நாட்டில் எந்த மூலையில் கொலுசு குலுங்கினாலும் அது நம் ஊரில் பற்றவைத்ததாக இருக்க வாய்ப்பு உண்டு.

"நகை மூழ்கிப் போச்சு" என்றால் என்ன?

அடகு வைத்து மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டது என்று பொருள். வட்டி ஏறி ஏறி அசலையும் நகையின் மதிப்பையும் முழுக்கிவிடுகிறது, அதனால் மூழ்குதல். அடகு வைக்கும்போதும் நிகர எடைதான் கணக்கு, கல்லைக் கழித்துவிடுவார்கள். ரசீதில் எடையும் தரமும் கெடு தேதியும் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள், பின்னால் வரிசை முணுமுணுத்தாலும் பரவாயில்லை. வருடத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த வட்டியைக் கூட்டிப் பார்த்தால் சில வீடுகளில் நகையை விற்றிருப்பதே லாபம் என்று வரும். ஆனால் கல்யாண நகையை விற்பது என்று பேச்சை எடுத்தாலே வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

தாலிக்குத் தங்கம் திட்டம் இன்னும் இருக்கிறதா?

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் அப்படிச் சொல்வோம். 2011இல் உதவித்தொகையோடு 4 கிராம், அதாவது அரைப் பவுன் சேர்த்தார்கள், 2016இல் ஒரு பவுன் ஆக்கினார்கள். 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதாக ஆனது. இரண்டில் எது நல்லது என்று டீக்கடையில் இன்னும் சண்டை ஓடுகிறது. என் ஓட்டு படிப்புக்கு.

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" — புதன்கிழமைக்கு அப்படி என்ன விசேஷம்?

பெரும்பாலும் புதன்கிழமை நல்ல காரியத்துக்கு உகந்தது, விட்டால் கிடைக்காது என்றுதான் விளக்குவார்கள். எனக்குப் பிடித்த விளக்கம் வேறு. பழந்தமிழில் பொன் என்பது வியாழன் கோளுக்கும் பெயர். வெள்ளி என்று சுக்கிரனைச் சொல்கிறோமே, அந்த மாதிரி. வியாழன் மாதக்கணக்கில் இரவு வானத்தில் பளிச்சென்று தெரியும். புதன் சூரியனை ஒட்டியே சுற்றுவதால் விடியலிலோ அந்தியிலோ கொஞ்ச நேரம் அடிவானத்தில் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். பொன் எளிதாகக் கண்ணில் படும், புதன் படாது. சேலத்துக்குள் நின்று புதனைத் தேடுவது வீண். ஏற்காட்டில் அடிவானம் திறந்திருக்கும் இடத்தில், பனி இல்லாத நாளில், புதன் சூரியனை விட்டு நன்றாக விலகியிருக்கும் வாரத்தில் முயன்று பாருங்கள்.

பொண்ணு என்பது பொன்னிலிருந்து வந்ததா?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. பெண்தான் பேச்சில் பொண்ணு ஆகிறது, பெட்டி பொட்டி ஆவதுபோல, பெண்டாட்டி பொண்டாட்டி ஆவதுபோல. எழுத்தில் றன்னகரமும் டண்ணகரமும் வேறு வேறு என்பதை வரன் பார்க்கும் விளம்பரம் எழுதுபவர்கள் கவனிக்கவும்.

ஆட்களுக்கும் ஊருக்கும் பொன் பெயர் ஏன் இவ்வளவு?

மதிப்புதான் காரணம். இங்கே எடையும் இல்லை, தரமும் இல்லை, பாசம்தான். பொன்னுசாமி, பொன்னம்மாள், பொன்னுவேல், தங்கவேல், தங்கராசு, தங்கம்மாள் என்று நம் பக்கத்து ரேஷன் கார்டுகளில் இருக்கும் தங்கத்தைச் சேர்த்தால் ரிசர்வ் வங்கி தோற்றுவிடும். சேலத்துக்குள் பொன்னம்மாப்பேட்டை, மேட்டூரில் தங்கமாபுரிப்பட்டணம். குழந்தையைக் கொஞ்சவும் தங்கம், கோபமாகப் படுத்திருப்பவரைச் சாப்பிட எழுப்பவும் தங்கம். "தங்கமான மனுஷன்" என்றால் சூதுவாது தெரியாதவர். சில வாய்களில் அதே சொல் "ஏமாற்ற எளிதானவர்" என்றும் ஒலிக்கும், குரலைக் கவனிக்க வேண்டும்.

"பொன் வைக்கிற இடத்தில் பூ வை" என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முறைக்குத் தங்கம் வைக்க வசதியில்லை என்றால் ஒரு பூவை வைத்துக் காரியத்தை நடத்து, யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று அர்த்தம். இதைச் சொன்ன ஆட்கள் இன்றைய சீர்வரிசை லிஸ்டைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

பொன்னாடை, பொன்னான வாக்கு, பொன்விழா இதிலெல்லாம் பொன் எங்கே?

பொன்விழா 50 ஆண்டு, அது கணக்கு. பொன்னாடையில் ஜரிகைகூட டெஸ்டட்தான். பொன்னான வாக்கு, ஓமலூர் ரோட்டில் தேர்தல் பிரசார வேன் போய்முடிகிற வரைக்கும்தான் பொன்.

பொன்னி, பொன்னாங்கண்ணி மாதிரி பெயர்கள்?

பொன்னி என்பது காவிரி. மேட்டூரில் தேங்கி நிற்பதும் அதுதான். அந்தப் பெயரில் அரிசி, அதிலும் வெள்ளைப்பொன்னி 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். பொன்னாங்கண்ணியைப் "பொன் ஆம் காண் நீ" என்று பிரித்து, தின்றால் உடம்பு பொன்னாகும் என்பார்கள். பொன் ஆகிறதோ இல்லையோ, நல்ல கீரை, பருப்புப் போட்டுக் கடைந்தால் போதும். பொன்வண்டு தீப்பெட்டிக்குள் வளர்த்த தலைமுறைக்குத் தெரியும். பொன்னரளி பூவோடு சரி, விதை நஞ்சு. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும் என்று எழுதியிருந்தால் அடுப்பைச் சிம்மில் வையுங்கள், ஐந்து நிமிடத்தில் ஆகும் என்று சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள்.

ஏற்காட்டு மிளகைக் கறுப்புத் தங்கம் என்கிறார்களே, வியாபாரப் பேச்சா?

இப்போது வியாபாரப் பேச்சுத்தான், ஆனால் வேர் பழையது. யவனர் கப்பல் முசிறிக்குப் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு 149ஆம் பாட்டு சொல்கிறது. கறி என்றால் அங்கே மிளகு. பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனார்கள். அது சேரநாட்டுக் கடற்கரை. சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. இன்று அந்தக் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக்கொடி ஏறி நிற்கிறது.

வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள், மிளகுக்கும் தரம் உண்டு. கொஞ்சத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். முற்றிய நல்ல மிளகு அடியில் போகும். மிதப்பது பப்பாளி விதை கலப்பாக இருக்கலாம், அல்லது உள்ளே சதை பிடிக்காத பொக்கு மிளகாக இருக்கலாம். பொக்கு கொஞ்சம் இருப்பது சகஜம். பாதிக்கு மேல் மிதந்தால் வேறு கடை பாருங்கள்.